மயோசின்

மயோசின் என்பது தசை நார்களில் உள்ள ஒரு புரதம். அடினோசின் முப்பாஸ்பேட் என்னும் ஆற்றல் மூலக்கூறைப் பிணைத்து உடைத்து, அந்த ஆற்றலால் ஆக்டின் என்னும் மற்றொரு புரத இழையை இழுப்பது இதன் வேலை. (இம்மூலக்கூறுக்கும், அது உடைந்தபின் கிடைக்கும் அடினோசின் இருபாஸ்பேட்டுக்கும் உள்ள ஆங்கிலச் சுருக்கங்கள் தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படுவதால் இங்கு முழுப்பெயர்களே தரப்படுகின்றன.)

தென்காசி மாவட்டம் ஆலங்குளத்தில் பீடி சுற்றும் பெண்களின் விரல்கள் நாள் முழுதும் மடங்கி நிமிர்கின்றன. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது முன்கையில். மடக்குவதற்கு ஆற்றல் வேண்டும் என்பது எளிதில் விளங்கும். பிடியை விடுவதற்கும் அதே மூலக்கூறு வேண்டும் என்பதுதான் மாணவர்கள் பலர் தவறவிடும் செய்தி.

வெறுமையாக உள்ள மயோசின் தலை ஆக்டினை இறுகப் பற்றியிருக்கும். முப்பாஸ்பேட் வந்து தலையில் அமர்ந்ததும் பிடி தளர்ந்து தலை விலகுகிறது. அதன் பிறகே முப்பாஸ்பேட் இருபாஸ்பேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் உடைகிறது. ஆனால் இரண்டு துண்டுகளும் உடனே வெளியேறுவதில்லை. இழுத்துப் பிடித்த உண்டிவில்போலத் தலை நிமிர்ந்து நிற்கிறது. மீண்டும் ஆக்டினைத் தொட்டதும் பாஸ்பேட் வெளியேற, தலை சாய்ந்து இழையைச் சுமார் 10 நானோமீட்டர் வரை இழுக்கிறது. பிறகு இருபாஸ்பேட்டும் வெளியேறும். அடுத்த முப்பாஸ்பேட் வரும்வரை தலை பற்றியபடியே இருக்கும்.

இறந்தபின் முப்பாஸ்பேட் தீர்ந்துவிடுவதால் தலைகள் விலக வழியில்லை. சில மணி நேரத்தில் உடல் விறைப்பது இதனால்தான். புரதங்கள் சிதையத் தொடங்கிய பின்னரே விறைப்பு நீங்கும். உயிருள்ள தசை தளர்வதற்குக் கால்சியமும் அதன் சேமிப்பறைக்குத் திரும்ப வேண்டும். அதைத் திருப்பி ஏற்றும் புரதமும் முப்பாஸ்பேட்டையே செலவிடுகிறது.

ஆக்டின் இல்லாதபோது மயோசின் மிக மந்தமான நொதி. உடைப்பது விரைவாக நடந்தாலும் துண்டுகளை வெளியேற்ற அதற்குப் பல வினாடிகள் ஆகும். ஆக்டின் சேர்ந்தால் அந்த வேகம் நூறு மடங்குக்கும் மேல் கூடுகிறது. இழுக்க இழை இல்லாதபோது ஆற்றல் வீணாகாமல் இருப்பது இதனாலேயே.

இந்த ஆற்றல் மூலக்கூறை 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியே கண்டறிந்தனர். தசையின் கட்டுமானப் பொருளாக மட்டும் கருதப்பட்ட மயோசினே அதை உடைக்கிறது என்பதை 1939-இல் சோவியத் ஒன்றியத்தின் எங்கெல்கார்ட், லியுபிமோவா இருவரும் காட்டினர்.

தசையில் இருப்பிலுள்ள முப்பாஸ்பேட் கடும் உழைப்பில் சில வினாடிகளுக்கே போதும். அதை உடனடியாக ஈடுசெய்வது பாஸ்போகிரியேட்டின். தசையில் அது இருப்பதை ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1927-லேயே அறிவித்திருந்தனர்.