இறகில் ஓர் இரை

தூண்டில் போடுகிறவர்களுக்குத் தெரியும், ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு தூரம் போகும் என்பது. ஃப்ளை ஃபிஷிங் என்ற தூண்டில் முறையில் அந்தக் குண்டுக்கு வேலையில்லை. முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகும் மயிரும்தான். கனம் முழுவதும் தடித்த கயிற்றில் இருக்கும். அதன் நுனியில் மட்டும் மெல்லிய நரம்பு. கழியை முன்னும் பின்னும் வீசி, கயிற்றைக் காற்றில் நீளவிட்டு, இறகை மீனுக்கு முன்னால் இறக்க வேண்டும். கடற்காற்றில் இது லேசுப்பட்ட காரியமா?

ஆற்று மீன்களை வைத்து வளர்ந்த இந்தக் கலையைக் கடலுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் லெஃப்டி க்ரே. 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் கோடுபோட்ட பாஸ் மீனைப் பிடிக்க, 'டிசீவர்' என்ற இறகு இரையைக் கட்டினார். தண்ணீரில் இழுத்தால் சிறுமீன் நீந்துவதுபோல் தெரியும். வீசும்போது இறகு முள்ளில் சுற்றிக்கொள்ளாது. உண்மையான சாமர்த்தியம் அங்கேதான். செசபீக்கைத் தாண்டி உலகின் பல கடல்களிலும் இன்று அதை வீசுகிறார்கள். 1991இல் அமெரிக்கத் தபால்துறை இந்த இரையின் படம் போட்டு 29 சென்ட் தபால்தலையே வெளியிட்டது.