குடலில் குடியிருக்கும் பூஞ்சைகள்

பூஞ்சை என்றாலே ஊறுகாய் ஜாடியில் பூத்த வெள்ளையும் கால் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நோய்நொடி இல்லாதவர் குடலிலும் பூஞ்சைகள் வாழ்கின்றன. கேண்டிடா, சாக்கரோமைசிஸ், மலாசீசியா ஆகியவை அடிக்கடி தென்படுபவை. குடல் நுண்ணுயிர்களில் பாக்டீரியாக்களே மிகப் பெரும்பான்மை. பூஞ்சைகள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனாலும் அவற்றை அலட்சியம் செய்வதற்கில்லை.

சாதுவும் முரடும் ஒன்றே

கேண்டிடா அல்பிகன்ஸை எடுத்துக்கொள்வோம். உருண்டையான ஈஸ்ட் வடிவில் இருக்கும்வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. சூழல் மாறினால் அதே செல்லிலிருந்து நீண்ட இழை முளைக்கிறது. அந்த இழை குடல் சுவரின் செல்களைத் துளைக்கும். கேண்டிடாலைசின் என்ற நச்சையும் சுரக்கும். இந்த நச்சு கண்டறியப்பட்டது 2016இல்தான். நம் உடலும் சும்மா இருப்பதில்லை. குடலில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்புப் புரதங்கள் இழை வடிவத்தையே குறிவைத்துப் பிடிக்கின்றன. சாதுவாக இருக்கும் கேண்டிடாவால் நன்மையும் உண்டு: பூஞ்சைகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களுக்கு அதுதான் பயிற்சி தருகிறது.

ஆன்டிபயாட்டிக் செய்யும் வேலை

கேண்டிடாவை அடக்கி வைத்திருப்பவை பக்கத்திலேயே வாழும் நல்ல பாக்டீரியாக்கள். ஆன்டிபயாட்டிக் அவற்றை அழிக்கும், பூஞ்சையைத் தொடாது. காலியான இடத்தில் பூஞ்சை பெருகுகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ஓரளவு சரியாகிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் போன்றோருக்கு அந்தப் பூஞ்சை ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கலாம். 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் கேண்டிடா அல்பிகன்ஸ் முதல் நிலையில் இருக்கிறது. சாதாரண சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதை நான் வன்மையாக எதிர்ப்பது இதனால்தான். சளி வைரஸுக்கு அந்த மாத்திரையால் ஒன்றும் ஆவதில்லை, அடிபடுவது குடல்தான்.

மருந்தான ஈஸ்ட்

1920களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பேதி கட்டுப்பட்டதைக் கவனித்தார் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி பூலார். அந்தத் தோல்களிலிருந்து அவர் பிரித்தெடுத்த ஈஸ்ட், சாக்கரோமைசிஸ் பூலார்டி என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. இன்று குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு டாக்டர் எழுதித் தரும் சில பொடிப் பாக்கெட்டுகளில் இருப்பது இதுதான். பூஞ்சை என்பதால் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தாலும் சாகாது. சுடுநீரில் கலக்கினால் செத்துவிடும். ஆறிய நீரில்தான் கலக்க வேண்டும். மத்திய ரத்தக் குழாயில் டியூப் பொருத்தியவர்களுக்கும் எதிர்ப்புசக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் இது கூடாது.

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

நாக்கில் துடைத்தாலும் திரும்ப வரும் வெள்ளைப் படலம், விழுங்கும்போது வலி, ஆன்டிபயாட்டிக் முடிந்த பின்னும் தொடரும் பேதி ஆகியவை இருந்தால் தாமதிக்க வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலப் பரிசோதனையில் கேண்டிடா தெரிந்தது என்பதற்காக மட்டும் பூஞ்சைக்கொல்லி மாத்திரை விழுங்கத் தேவையில்லை; நலமாக இருப்பவர்களிடமும் அது தெரியும்.