டாக்சி தலையில் விளம்பரம்... தூக்கம் போவது யாருக்கு?

டாக்சி கூரைமேல் விளம்பரப் பலகை வைக்கிறான். அதுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நாம் இழுக்கும் மூச்சு, கண்ணில் விழும் வெளிச்சம், ராத்திரித் தூக்கம்... இந்த மூன்றுக்கும் அதோடு சம்பந்தம் இருக்கிறதே!

நியூயார்க் மஞ்சள் டாக்சிகளை எடுத்துக்கொள்வோம். அந்த நகரம் கொடுத்திருக்கும் மஞ்சள் டாக்சி உரிமங்கள் மட்டும் 13,587. பல வண்டிகளின் தலையில் இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி ஒரு பலகை உட்கார்ந்திருக்கும். முன்பெல்லாம் அச்சடித்த பிளாஸ்டிக் ஷீட்டும், உள்ளே சின்ன விளக்கும்தான். இப்போது பல வண்டிகளில் எல்.இ.டி. திரை வந்துவிட்டது. வண்டி எந்தத் தெருவில் நிற்கிறதோ, அதற்கேற்ற விளம்பரம் தானாக மாறும்.

கூரையில் எதை ஏற்றினாலும் காற்று அதைத் தடுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்தத் தடை நாலு மடங்காகும். கூரைமேல் பெரிய சாமான் பெட்டி வைத்த காரில் ஊருக்குள் 2 முதல் 8 சதவீதம் வரை மைலேஜ் குறையும், நெடுஞ்சாலையில் 17 சதவீதம் வரை போகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. விளம்பரப் பலகை அவ்வளவு அகலமில்லை. வண்டியின் நீளவாட்டில் இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்விடும். அதுவும் மன்ஹாட்டன் நெரிசலில் டாக்சி ஊர்ந்துதானே போகிறது! அதனால் காற்றுத் தடையை மட்டும் வைத்துக் கூச்சல் போடுவது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

மின்சாரக் கணக்குதான் கொஞ்சம் உறுத்துகிறது. ஒரு திரை 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். நம் வீட்டில் ஒரு மின்விசிறி 20 மணி நேரம் ஓடுகிற செலவு, அவ்வளவுதான். ஆனால் வண்டியில் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? என்ஜின் சுற்றி, ஆல்டர்னேட்டர் சுற்றி, பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகி வருகிறது. சாதாரண பெட்ரோல் என்ஜினில் இந்த ஒன்றரை யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் எரிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும். ஹைபிரிட் வண்டியில் இது குறையும். பாட்டரி டாக்சியில் புகையே கிடையாது. ஆனாலும் அந்த மின்சாரத்தை எங்கோ ஓர் இடத்தில் உற்பத்தி செய்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. விளம்பரத்துக்குக் கூட்டம் வேண்டும். சவாரி இல்லாத நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினால் யார் பார்ப்பார்கள்? கூட்டம் உள்ள தெருவில் வண்டி சுற்றுகிற நேரத்துக்குக் காசு என்று வைத்துவிட்டால், காலி வண்டியும் அங்கேயே சுற்றும். நடைபாதையில் போகிற குழந்தையின் மூக்கு புகைக்குழாய் உயரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மெல்லிய தூசு (பி.எம். 2.5) ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டரில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. இளைப்பு உள்ள பிள்ளைக்குக் கொஞ்சம் கூடினாலும் கஷ்டம்தான்.

"அதெல்லாம் சரி டாக்டர், தூக்கம் எங்கே வந்தது?" என்கிறீர்களா? எல்.இ.டி. திரையின் வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம். நம் கண்ணின் விழித்திரையில் சில செல்கள் பார்ப்பதற்காக இல்லை. இது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே இருக்கின்றன. நீல ஒளி பட்டால் அவை "இன்னும் பகல்தான்" என்று சொல்லிவிடும். தூக்கத்துக்கு வேண்டிய மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரவில் கண் விழித்தால் பித்தம் மிஞ்சும், கண் எரியும், மந்தம் வரும் என்று சித்த மருத்துவமும் சொல்லித்தான் வந்திருக்கிறது.

நகர்ந்து போகிற வெளிச்சத்தில் இன்னொரு தொல்லை. நிலையான தெருவிளக்குக்குக் கண் பழகிவிடும். ஜன்னலில் சிவப்பாய், நீலமாய் மாறி மாறி வந்து போவதற்குப் பழகாது. முதல் மாடி, இரண்டாம் மாடிக்காரர்களுக்குத்தான் அதிக அவதி. பின்னால் வருகிற வண்டிக்காரரின் கவனமும் அந்தத் திரைக்குப் போகும். இரவில் திரையின் பிரகாசத்தைக் குறைக்கச் சொல்லி விதி போடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. டிரைவருக்குக் கிடைக்கிற நாலு காசை நான் கெடுக்கவில்லை. பதினோரு மணிக்கு மேல் திரையை அணைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

மகன், மகள் வீட்டுக்கு வெளிநாடு போய் "தூக்கமே வரலை" என்று திரும்பி வருகிறவர்களைப் பார்க்கிறேன். நேர மாற்றம் பாதிக் காரணம், ஜன்னல் மீதிக் காரணம். கனத்த இருண்ட நிறத் திரைச்சீலை போடுங்கள். படுக்கையறையில் மஞ்சள் நிறக் குறைந்த விளக்கு போதும். படுப்பதற்கு ஒரு மணி முன்பே செல்போனை வையுங்கள். வெளியே இருக்கிற திரையைத் திட்டிக்கொண்டு கையில் ஒரு திரையை வைத்திருப்பானேன்! வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் சேர்த்துக் குடிக்கலாம். சிட்டிகைக்கு மேல் போனால் மயக்கம், படபடப்பு வரும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வேண்டாம்.

நம் ஊர் ஆட்டோ முதுகிலும் கடை வாசலிலும் தொங்குகிற ஃபிளெக்ஸுக்கு வருகிறேன். அது பி.வி.சி. பூசிய துணி. பழையதைக் கேட்டு வாங்கி மழைக்கு மறைப்பாகக் கட்டுகிறோம், அதில் தப்பில்லை. கிழிந்த பிறகு வெந்நீர் அடுப்பிலோ போகித் தீயிலோ போடுகிறோமே, அங்கேதான் வினை. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும். கூடவே டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது உடம்பின் கொழுப்பில் தங்கிப் பல வருஷம் போகாது, தாய்ப்பாலிலும் இறங்கும். ஆகவே கிழிந்த ஃபிளெக்ஸைச் சுருட்டிக் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.