தொடைப் பெயர்களும் செவிப்புலனும்

இலக்கியம் பயில்வார்க்கு முதற்கண் வேண்டுவது கலைச்சொல்லறிவு என்பர். இதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், எதுகையாவது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, மோனையாவது முதலெழுத்து ஒன்றி வருவது என்று தடையின்றி ஒப்பிக்கும் முதுகலை மாணவர், ஒரு பாடலைக் கையிற் கொடுத்து, 'இவ்வடியில் அத்தொடை செய்யும் தொழில் யாது?' என வினவின், வாளா இருக்கக் காண்கின்றோம். குற்றம் அவர்பால் மட்டும் இல்லை. செவிக்குரிய தொடையை நாம் கண்ணால் கற்பிக்கின்றோம்.

இக்குறை நீங்க ஒரு வழி அரியக்குடியிலிருந்து கிடைக்கின்றது. காரைக்குடியை அடுத்துள்ள அவ்வூர் திருவேங்கடமுடையான் கோயிலால் 'தென் திருப்பதி' எனச் சிறப்பிக்கப்பெறுவது. அங்குப் பிறந்த இராமாநுச ஐயங்கார் (1890–1967), இன்று நாம் காணும் இசையரங்கின் நிகழ்ச்சிமுறையை வகுத்தவர் எனப் போற்றப்படுபவர். ஆண்டாள் அருளிய திருப்பாவை முப்பதுக்கும் அவர் மெட்டமைத்தார். முதல் ஐந்து பாசுரங்கட்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் கனராகங்கள் ஐந்தும் முறையே அமைந்துள்ளன. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் வரிசையும் இதுவே. மார்கழி வைகறையில் இம்மெட்டுக்கள் பலர் செவிக்கும் பழகியவை. செவி முன்னரே அறிந்த பாடலைக் கொண்டு தொடைகளை விளக்குதல் எளிதன்றோ? முதற் பாசுரம் ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

திருப்பாவைப் பாசுரம் நாற்சீரடி எட்டினால் இயன்ற கொச்சகக் கலிப்பா. முதற் பாசுரத்தின் எட்டடியிலும் இரண்டாம் எழுத்தாக ரகரமே வருகின்றது. இவ்வளவே கூறி நிறுத்திவிடுதல் நம் வழக்கம். ஆனால் எட்டடியிலும் முதலெழுத்து நெடிலாகவே இருத்தலை நோக்குதல் வேண்டும். முதலெழுத்து அளவால் ஒத்து நின்றாலன்றி, இரண்டாம் எழுத்து ஒன்றினும் எதுகை ஆகாது. 'பட்டு' என்பதற்குக் 'கட்டு' எதுகையாகும்; 'பாட்டு' ஆகாது. இவ்விதியை மாணவர் மறப்பதற்குக் காரணம், இலக்கணத்தில் அது ஒரு துணைக்குறிப்புப் போல் தோன்றுதலே. செவிக்கோ அதுவே முதன்மையானது.

இன்னும் நுணுகி நோக்கின், அவ்வெட்டடியுள் நான்கில் ரகரம் மெய்யாகவும், நான்கில் உயிரேறியும் நிற்றல் புலனாகும். 'மார்கழி' என்னும் சொல்லில் அம்மெய் முதலசையை முடித்துவைக்கின்றது. 'நாராயணன்' என்பதில் இரண்டாம் அசையைத் தொடங்கிவைக்கின்றது. முன்னதில் குரல் மெய்யில் சென்று தங்கும். பின்னதில் நெடில் திறந்தே நிற்க, ரகரம் புதிதாய் எழும். எழுத்து ஒன்றே, அசையில் அது பெறும் இடம் வேறு. எட்டடியும் ஓரெதுகையால் இயன்றும் சலிப்புத் தோன்றாமைக்கு இவ்வேறுபாடும் ஒரு காரணம் என்பது நம் துணிபு. பாடக் கேட்டாலன்றி இது எளிதில் விளங்காது.

இனி மோனை. நாற்சீரடியில் முதற்சீரோடு எச்சீர்கள் ஒன்றுகின்றன என்பதைக் கொண்டு இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என எழுவகை கூறுவர். எழுபெயரும் மாணவர்க்கு வாய்பாடாகவே நின்றுவிடுகின்றன. முதற் பாசுரத்தின் முதலடியில் முதற்சீரும் மூன்றாஞ்சீரும் மகரத்தால் ஒன்றுதலின் அது பொழிப்பு. இரண்டாம் அடியிலும் ஐந்தாம் அடியிலும் முதற்சீரும் நான்காஞ்சீரும் ஒன்றுகின்றன; அவை ஒரூஉ. இ, ஈ, எ, ஏ தம்முள் இனம் என்பதை ஈண்டு நினைவு கூர்க. மூன்றாம் அடி மேற்கதுவாய். நான்காம் அடி கீழ்க்கதுவாய். ஆறாம் அடியும் எட்டாம் அடியும் பொழிப்பு.

ஏழாம் அடியே நாம் பெரிதும் கருதவேண்டியது. 'நாராயணன்' என்னும் திருநாமத்தில் தொடங்கும் அவ்வடியின் அடுத்த சொல்லும் நகரத்தில் தொடங்குகின்றது. அடுத்தடுத்த இரு சொற்கள் ஒன்றக் கண்டவுடன் மாணவர் 'இணை மோனை' என எழுதிவிடுவர். அது பிழை. மோனை கணக்கிடப்பெறுவது சொல்லால் அன்று, சீரால். திருநாமம் 'நாரா' என ஒரு சீராகவும் எஞ்சிய பகுதி மற்றொரு சீராகவும் பிளவுபட்டு நிற்றலின், அடுத்த சொல் மூன்றாஞ்சீராகின்றது. ஆகவே அது பொழிப்பே. இங்ஙனம் சொல்லைச் சீர்நோக்கிப் பிரித்தலை வகையுளி என்பர். பிரிப்பு ஏட்டில் மட்டுமே தெரிவது. பாடுவார் குரலில் நாமம் சிதைவதில்லை. மோனையும் தன் இடத்திலேயே ஒலிக்கின்றது.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க ஓர் எளிய முறையைக் கூறுவோம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையுள் 1, 5, 7 ஆகியவற்றில் கையைத் தட்டுகின்றோம். சீருக்கு இரண்டு எண்ணிக்கை வீதம் ஓரடியை ஒரு சுற்றில் அடக்கிச் சொன்னால், முதல், மூன்று, நான்காஞ்சீர்கள் தட்டில் விழும்; இரண்டாஞ்சீர் மட்டும் விரலெண்ணிக்கையில் வரும். முன் கூறிய எட்டடியுள் ஏழில் மோனைச் சீர்கள் யாவும் தட்டிலேயே அமைகின்றன. கீழ்க்கதுவாயாகிய நான்காம் அடி ஒன்றில்தான் இடையே ஒரு சீர் விரலில் வருகின்றது. ஆண்டாள் ஆதி தாளம் எண்ணிப் பாடினார் என்பது நம் கருத்தன்று. அரியக்குடியார் ஒவ்வோரடியையும் இவ்வாறே நிறுத்தினார் என்பதும் அன்று. மோனை விழும் இடம் குரல் ஊன்றும் இடமாதலைக் கையால் உணர்தற்கு இது கருவி, அவ்வளவே.

எழுவகையுள் பொழிப்பையும் ஒரூஉவையும் தொல்காப்பியரே பெயரிட்டுக் கூறியிருத்தல் ஈண்டுக் கருதத்தக்கது. அவர் அவற்றை எதுகையொடு சார்த்திக் கூற, பின்னையோர் பிற தொடைக்கும் கொண்டனர். நாம் எடுத்த பாசுரத்தில் எட்டடியுள் ஆறு இவ்விரண்டனுள் அடங்குதல், ஒரு பாடலைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் ஆகாதாயினும், புறக்கணிக்கத்தக்கதன்று.

இசையோடு தமிழை ஒப்பிடுவார்க்குச் சில எச்சரிக்கைகள் உள. திருப்பாவையின் பாசுரந்தோறும் ஈற்றில் வரும் பாவை விளியைச் சிலர் 'பல்லவி' என்கின்றனர். பல்லவி கீர்த்தனையின் முதலுறுப்பு. பிற உறுப்புக்களைப் பாடிய பின்னர் மீண்டும் பாடப்பெறுவது. பாடல்தோறும் ஈற்றில் ஒன்றாய் வருவதற்கு 'மகுடம்' என்னும் பெயர் நம்மிடம் இருக்க, இரவல் வேண்டா.

மோனையை யதி என்றும் எதுகையைப் பிராசம் என்றும் எழுதுதலும் உண்டு. தெலுங்குச் செய்யுளின் யதி, அடியின் முதலெழுத்தொடு அடியினுள் வரையறுத்த ஓரிடத்து எழுத்து இயைதலாகும். ஆதலின் அது மோனை முழுவதற்கும் அன்றி, அடியிடையே வரும் பொழிப்பு முதலியவற்றுக்கே ஒருபுடை ஒக்கும். தாள நூலாரோ யதி என்பதை முற்றிலும் வேறு பொருளில் வழங்குவர். பிராசத்திலும் இரண்டாம் எழுத்தே ஒன்றுகின்றது. ஆனால் அதன் முன்னெழுத்துக் குரு, இலகு என்னும் நிறையால் ஒத்தல் போதும். இரட்டித்த மெய்க்கு முன் நிற்கும் குறிலும் குருவே. எனவே 'பட்டு', 'பாட்டு' என்பன பிராசத்திற்குப் பொருந்தும், எதுகைக்குப் பொருந்தா.