முக்காலியும் மடிக்கணினியும்

மடிக்கணினி என்னும் சொல்லிலுள்ள ‘மடி’, பெயராய் நின்று மடியையும் வினையாய் நின்று மடித்தலையும் உணர்த்தும். மடிக்கத்தக்கது என்று பொருள்கொள்வார்க்குத் தீங்கில்லை. மடிமீது வைக்கத்தக்கது என்று கொள்வார்க்கோ கழுத்துநோவே பயனாகும். என்னை? இக்கருவியில் திரையும் விசைப்பலகையும் பிணைந்துள்ளன. கைக்கேற்ற உயரத்தில் வைப்பின் தலை கவிழும்; கண்ணுக்கேற்ற உயரத்தில் வைப்பின் தோள் தூக்கி நிற்கும். நிமிர்ந்த தலையின் பாரம் ஏறக்குறைய 5 கிலோகிராம். அதனை 60 பாகை முன்சாய்க்குங்கால் கழுத்து தாங்கும் சுமை 27 கிலோகிராமுக்கு ஒப்பாகுமென்று 2014-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார்.

எம் தமக்கையார் 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலமுதல் இல்லத்திலிருந்தே அலுவல் பார்ப்பவர். மாலையில் எம்மை நோக்கவேண்டின் கழுத்தைத் திருப்பாது உடலையே திருப்புவார். கடையில் தாங்கியொன்று வாங்கலாமே யென்றோம். மாதம் பிறக்கட்டும் என்றார். மாதங்கள் பல பிறந்தன. ஆகவே அடுக்களையில் கிடந்த பழைய மர முக்காலியை எடுத்தோம். (நான்கு கால்களையுடையது எங்ஙனம் முக்காலியாயிற்றென்று தமிழாசிரியர் எம்மை வினவாதிருப்பாராக.)

முதற்கண் வேண்டுவது வாளன்று, அளவு. மேசைமீது புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் மடிக்கணினியை வைத்து, நிமிர்ந்து அமர்ந்தால் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ வருமாறு கூட்டியும் குறைத்தும் பார்த்தல்வேண்டும். தமக்கையார்க்கு 17 சென்டிமீட்டர் தேவைப்பட்டது. முக்காலியின் உயரம் 45, அறுக்கவேண்டுவது 28.

இவ்விடத்தே யாம் இடறினோம். முக்காலியின் கால்கள் வெளிநோக்கிச் சரிந்திருப்பன. காலுக்குச் செங்கோணமாக அறுத்தால் வெட்டுவாய் தரையிற் படியாது, ஒரு முனையே ஊன்றும். ஆடுகின்றதேயென்று ஒரு காலைச் சிறிது அறுத்தோம், மற்றொன்று நெடிதாயிற்று. அதனை அறுக்க மூன்றாவது நெடிதாயிற்று. இவ்வாறு 17 என்பது 15 ஆயிற்று. பின்னர்த் தச்சரொருவர் முறை கூறினார். முக்காலியைச் சமதரையில் நிறுத்தி, ஆடாதபடி அட்டைத்துண்டு செருகி, அறுக்கவேண்டிய உயரமுள்ள கட்டையொன்றின்மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அக்கட்டையைத் தரையோடு நகர்த்திக் கால்களைச் சுற்றிக் கோடிடல்வேண்டும். கால் எங்ஙனம் சரிந்திருப்பினும் கோடு தரைக்கு இணையாகவே அமையும். அக்கோட்டின்வழி அறுத்தபின் ஆட்டம் நின்றது. ஆயினும் மேலும் அரை சென்டிமீட்டர் போயிற்று.

நிற்க. மடிக்கணினிகள் பல அடிப்புறமாகவே காற்றை உள்ளிழுப்பன. முழுப்பலகைமேல் வைப்பின் சூடேறும். ஆதலால், அறுத்த கால்களினின்று இரு சட்டங்களைப் பிளந்தெடுத்துப் பின்புறத்துக்கு ஒன்றும் முன்புறத்துக்கு ஒன்றுமாக ஒட்டலாமென எண்ணினோம். உயரம் கூடுமேயென்று அதனை விடுத்து, துளைப்பானாற் பலகையிலேயே துளைகளிட்டோம். உப்புத்தாள் தேய்த்து வார்னிஷ் பூசினோம். தனி விசைப்பலகையும் சுட்டெலியும் இல்லாவிடின் இத்தாங்கியாற் பயனில்லை. கையைத் தூக்கித் தட்டுவதால் நோவு தோளுக்கு மாறும். அலுவல் முடிந்தபின் விசைப்பலகையைக் கால்களின் இடையே தள்ளிவைக்கலாம்.

ஒரு திங்கள் கழிந்தது. தமக்கையார் இப்பொழுது கழுத்தைத் திருப்பியே எம்மைக் கடிந்துகொள்கின்றார். குறைந்துபோன இரண்டரை சென்டிமீட்டருக்கு ஈடாக முக்காலியின்கீழ்க் கிடப்பது காய்கறி அரியும் பலகை; தாயார் அதனைத் திரும்பக் கேட்டவண்ணமிருக்கின்றார்.