இரு விண்கலக் கப்டன்கள்

'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் (1966–1969) விண்கலம் நடத்திய கப்டன் கேர்க், ஆபத்துள்ள இடத்தில் தாமே முதலில் இறங்குபவர். 1987இல் தொடங்கிய அடுத்த தொடரின் பிக்கார்டோ, அதிகாரிகள் அனைவரையும் கேட்டபின்னரே கட்டளையிடுபவர். எனவே பிக்கார்டே சிறந்தவர் என்பர் பலர். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று.

1967ஆம் ஆண்டுக் கதையொன்றில், தாம் காதலித்த பெண் பிழைப்பின் வரலாறே சிதையும் என அறிந்த கேர்க், லொறி மோதவிருந்த அவளைக் காக்க ஓடிய மருத்துவரை இறுகப் பற்றி நிறுத்துகிறார். துடுக்கர் எனப் பெயரெடுத்தவர் அசையாது நின்ற கணம் அது! எந்த ஆலோசனைச் சபையும் அப்பாரத்தைப் பகிர்ந்திராது.

பிக்கார்டின் செவி பயன் தந்தது வேறிடத்தில். 1989இல் ஒளிபரப்பான கதையில், இயந்திர மனிதனாகிய டேட்டாவைக் கழற்றி ஆராய விஞ்ஞானியொருவர் வருகிறார். விசாரணையில் டேட்டாவுக்காக வாதாடும் பிக்கார்ட், முதலில் தளர்கிறார். கலத்துத் தோழி கைனானின் சொற்களைக் கேட்டபின்னரே, வழக்கு இயந்திரம் பற்றியதன்று, அடிமை முறை பற்றியது என்பது அவருக்குப் புலனாகிறது.