உத்தியோகத்தைத் துறந்த உளவுத்துறை அதிகாரி

அரசாங்க உத்தியோகம் கிடைப்பது அரிது. கிடைத்ததைத் தானே துறப்பது அதனினும் அரிது. பிறநாட்டு யுத்தமொன்றுக்கு உடன்பட மறுத்து அங்ஙனம் துறந்தவர், அவுஸ்திரேலியரான அன்ட்ரூ வில்கி.

இராணுவத்தில் லெப்டினன்ட் கேணலாக இருந்த இவர், பின்னர் தேசிய மதிப்பீட்டு அலுவலகத்திற் கடமையாற்றினார். இரகசியத் தகவல்களைச் சீர்தூக்கிப் பிரதம மந்திரிக்கு உண்மை நிலையை எடுத்துரைப்பதே அவ்வலுவலகத்தின் பணியாக இருந்தது.

ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று கூறி அமெரிக்கா போருக்கு ஆயத்தமானபோது, பிரதமர் ஜோன் ஹவார்டின் அரசாங்கமும் அதன் பக்கம் நின்றது. வில்கியோ, ஈராக்கின் ஆயுத முயற்சி கட்டுக்குள் அடங்கியதே எனக் கருதினார். தாக்கப்பட்டாலே சதாம் உசேன் கொடுஞ்செயலில் இறங்கக்கூடும் என்றும் அஞ்சினார். 2003 மார்ச் 11 ஆந் திகதி இராஜிநாமாச் செய்து, காரணத்தைப் பகிரங்கமாக வெளியிட்டார்.

ஈராக் விவகாரம் அவரது பொறுப்பன்று எனக் கூறி, அவர் சொல்லின் மதிப்பைக் குறைக்க அரசாங்கத் தரப்பினர் முயன்றனர். மார்ச் 20 இல் படையெடுப்புத் தொடங்கிற்று. ஏறக்குறைய 2,000 அவுஸ்திரேலியப் படையினரும் பங்குகொண்டனர்.

2004 இல் வெளியான அமெரிக்க ஆய்வுக் குழுவின் அறிக்கை, அவ்வாயுதக் குவியல்கள் ஈராக்கில் இருக்கவில்லை என்றது. 2010 இல் தஸ்மேனியாவின் டெனிசன் தொகுதி மக்கள் வில்கியைச் சுயேச்சை உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

யுத்தத்தை அவராற் தடுக்க முடியவில்லை. ஆயினும், பிழை வெளிப்பட்ட பின்னர் அதனைச் சுட்டுவது எவர்க்கும் எளிது. படையெடுப்புத் தொடங்குமுன், பதவியை விலையாகக் கொடுத்துச் சொன்னாரே, அதுவன்றோ கடமை!